கொழுந்து எடுக்கும் நாளில் போகும் படம்: 68 மீட்டர் கேபிளில் ஒரு வெட்டைத் தேடியது

டிஷ் டீவிக்கு மூன்று வருடத்தில் இரண்டு பொக்ஸ், ஒரு எல்.என்.பி (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையைப் பிடிக்கும் கருவி) மாற்றியாகிவிட்டது. படம் மட்டும் சரியாக வரவில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் (வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பரா. வீட்டுக்கார அக்கா கொழுந்துக்குப் போகிறவர், கணவர் கொழும்பில் வேலை, சாதாரண தரம் படிக்கும் மகன் ஒருவன், அப்புறம் அம்மாயி. ஒவ்வொரு முறையும் வந்தவர் ஒரு பொருளைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கேபிளை மட்டும் யாரும் ஒழுங்காக அளக்கவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டிஷ் வீட்டுத் தகரத்தின் மேல் இல்லை. லயத்தின் தலைக்கு மேலேயே இரண்டு பெரிய சவுக்கு மரங்கள் நிற்கின்றன. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே டிஷ் நன்றாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தே நிற்கும், எதிர் மலை பெரும்பாலும் மறைக்காது, ஆனால் தலைக்கு மேல் கிளை இருந்தால் வேலை முடிந்தது. பழையபடி அன்டனா போட்டுப் பார்க்கவும் வழியில்லை. பிதுருதலாகலை 2524 மீட்டர் உயரம், 1982இல் ரூபவாஹினி தொடங்கியதிலிருந்து அங்கிருந்துதான் அலை வருகிறது, ஆனாலும் ஒரு மலைமுகட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு அந்தக் கோபுரம் எட்டாது. ஆகவே டிஷ்ஷை மேலே ஒரு மேட்டில் கம்பம் நட்டு வைத்து, தேயிலை நிரைகளுக்கு ஊடாகக் கேபிளை இறக்கியிருந்தார்கள். கேபிளின் கறுப்புத் தோலில் அச்சிட்டிருந்த மீட்டர் எண்களை இரு முனையிலும் பார்த்துக் கழித்தபோது 68 மீட்டர் வந்தது. இந்த எண் பின்னால் ரொம்ப உதவியது.

நோய் இதுதான்: சாதாரண நாளில் பாதி சேனல் வராது, மற்றப் பாதி வரும். சில நாளில் காலையிலிருந்து எதுவுமே வராது, பின்னேரம் தானாகவே வரும். மழை நாள் என்று சொல்லவும் முடியாது, வெயில் நாள் என்றும் சொல்ல முடியாது. நான் பொக்ஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்திருந்த அம்மாயி சொன்னார்: "தம்பி, இந்த மலைக்கு ஆள் எறங்குனா படம் போயிருது. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரு கேக்குறா."

நானும் முதலில் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன், அதுதான் உண்மை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் சொன்னதன் பெறுமதி புரிந்தது.

கேபிளைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் ஓம் அளப்பதற்கும் முன்னால் பொக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், வோல்ட் அளக்கும் நேரம் மட்டும் மாட்டுங்கள். இந்த வீட்டில் பிளக் சுவரில் இருக்கும்போது கேபிளின் தோலுக்கு உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலுக்கும் ஈர மண்ணுக்கும் இடையில் ஏசியில் 90 வோல்ட் போலக் காட்டியது. அது பொக்ஸின் பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறிய கொள்ளளவி (மின்னைச் சேர்த்து வைக்கும் பாகம்) வழியாகக் கசிவது, மின்னோட்டம் மிகக் குறைவுதான், ஆனால் எர்த் இல்லாத பழைய வயரிங் உள்ள லயங்களில் ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும், ஏணியில் நிற்பவர் விழவும் கூடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வோல்ட்டிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் "பாதி சேனல்" என்ற சொல்லே ஒரு துப்பு. பொக்ஸ் இதே கேபிள் வழியாகத்தான் எல்.என்.பிக்கு மின்சாரமும் அனுப்புகிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலைகளையும், 18 அனுப்பினால் கிடை அலைகளையும் எடுக்கும். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 15 வோல்ட்டில் அது முடிவை மாற்றும். பொக்ஸின் பின்னால் அளந்தால் வராத சேனலில் 18.2, வரும் சேனலில் 13.3. ஆகப் பொக்ஸ் நல்லது. மேட்டுக்குப் போய் எல்.என்.பியிலிருந்து கேபிளைக் கழற்றி முனையில் அளந்தேன், 18.2 அப்படியே இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து "கேபிள் நல்லது, எல்.என்.பி போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் கேபிளிலிருந்து மின்னோட்டம் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதனால் இடையில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்ட் குறையாது. சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். T வடிவக் கனெக்டர் ஒன்றை நடுவில் போட்டு எல்.என்.பியை மாட்டியபடியே அளந்தபோது 14.3. அவ்வளவுதான், பொக்ஸ் 18 என்று சொல்கிறது, எல்.என்.பி காதில் அது 13 என்று விழுகிறது. வரும் சேனலில் அங்கே 9.4தான் போய்ச் சேர்ந்தது, அந்த எல்.என்.பி எப்படியோ அதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. அதன் மின்னோட்டம் 110 மில்லி அம்பியர். 3.9 வோல்ட் விழுகிறது என்றால், அதை 0.11ஆல் வகுத்தால், கேபிளுக்குள் 35 ஓம் இருக்கிறது.

35 ஓம் கூடுதலா, சாதாரணமா? கேபிளின் நடுக்கம்பியை நகத்தால் சுரண்டி ஒரு காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. உயர் அதிர்வெண் அலை கம்பியின் மேல்தோலிலேயே ஓடுவதால் படத்துக்கு அது பிரச்சினையில்லை, ஆனால் டீசிக்கு முழுக் கம்பியும் வேண்டும். இந்த ஆர்ஜி 6 வகையில் முழுச் செம்பு என்றால் 100 மீட்டருக்கு 2 ஓம் சொச்சம், இரும்பு நடு என்றால் 9, 10 ஓம் வரும். பின்னலுக்கு 3 ஓம் போல சேர்த்தால், இந்த 68 மீட்டருக்குப் போக வர மொத்தம் 9 ஓமைத் தாண்டக் கூடாது. ஆக 26 ஓம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு முனையையும் கழற்றி, மேட்டு முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்து முறுக்கச் சொல்லிவிட்டு (மகன் மேலே நின்றான், போனில் கதைத்துக்கொண்டோம்), வீட்டு முனையில் ஓமில் அளந்தேன். 31, 38, 34 என்று ஆடிக்கொண்டே இருந்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள், இந்த வேலையில் அது பெரிதில்லை என்றாலும் பின்னால் சொல்லப்போகும் ஒன்றில் பெரிது.

முன்பு வந்தவர் கேபிளையும் "செக் பண்ணினார்" என்று அக்கா சொன்னார், மீட்டர் பீப் என்று கத்தியதாம். கத்தத்தான் செய்யும். நிறைய மீட்டர்களில் அந்தப் பீப் 30, 40, 50 ஓம் வரைக்கும் கத்தும். அறுந்துபோகாத வயர் எல்லாம் அதற்கு நல்ல வயர்தான். எண்ணைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டதில் இந்த வீட்டுக்கு ஒரு எல்.என்.பி காசு போனது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இளம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது. கேபிளில் 75 ஓம் என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் ஏன் 75 வரவில்லை என்று. அந்த 75 அலைக்கான குணம், கேபிளின் தூண்டலுக்கும் கொள்ளளவத்துக்கும் உள்ள உறவிலிருந்து வருவது. ஓம் மீட்டர் டீசி அனுப்பிப் பார்க்கிறது, அதற்கு அது தெரியவே தெரியாது. நல்ல கேபிளில் தூர முனை திறந்திருந்தால் எல்லையில்லாத் தடை, தூர முனை சேர்ந்திருந்தால் சில ஓம். 75 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தூர முனையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையில் அளந்தேன். வீட்டு முனையில் 300 கிலோ ஓமில் தொடங்கி மெல்ல ஏறிக்கொண்டே போனது, மீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பிடித்தால் வேறு எண். இப்படி நிலையில்லாமல் ஊர்ந்து போகும் எண்ணைக் கண்டாலே தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளலாம். உறுதிப்படுத்த ஒரு எளிய வழி இருக்கிறது: இரு முனையும் எதிலும் மாட்டாமல் இருக்கும்போது மீட்டரை டீசி மில்லி வோல்ட்டில் போட்டுத் தொடுங்கள். 180 மில்லி வோல்ட் காட்டியது. செம்பும் அலுமினியமும் நடுவில் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம், காய்ந்த கேபிளில் அப்படி எதுவும் வராது. அந்தக் கனெக்டரை வெட்டி எறிந்தபோது உள்ளே நடுக்கம்பி பச்சை பிடித்திருந்தது. பொக்ஸின் வாயும் அதே பச்சை. முதல் பொக்ஸ் ஏன் போனது என்பதற்குப் பதில் அதுதான்.

ஆனால் வீட்டு முனை தகரத்துக்குக் கீழே, சுவருக்குள்ளே இருக்கிறது. அங்கே மழை படவே படாது. அப்படியென்றால் தண்ணீர் எப்படி வந்தது? நம் பக்கத்தில் கேபிள் போடுகிற எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. மட்டமான நிலத்தில் தோலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அந்த இடத்திலேயே தேங்கி அந்த இடத்தைத்தான் அரிக்கும். இங்கே ஒவ்வொரு கேபிளும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. மேலே எங்கோ நுழைந்த தண்ணீர் பின்னலுக்குள் கசிந்து கசிந்து, பீலியில் இறங்குவதுபோல இறங்கி, கடைசியில் பொக்ஸில் வந்து தெரிகிறது. வீட்டுக்கு வெளியே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டால் மேல்தோலில் வழியும் தண்ணீர் சொட்டிவிடும், உள்ளே வருவதை அது தடுக்காது. எனவே வீட்டு முனையில் தண்ணீரைக் கண்டால் மேலே ஏறித் தேட வேண்டும்.

சரி, 68 மீட்டரில் எங்கே தேடுவது? தேயிலைக்குள் கேபிள் வாதுகளுக்கு நடுவில் பின்னிக் கிடக்கிறது. மேட்டு முனையை மறுபடி சேர்த்து முறுக்கச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து தொடங்கிக் கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டே ஏறினேன், கீழே அக்கா மீட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேலே ஒரு நிரையில் இடுப்பால் செடியைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும், "தம்பி, நம்பர் கூடிப்போச்சு, ஆயிரமாம்" என்றார். அப்போதுதான் அம்மாயி சொன்னது சுரீரென்று உறைத்தது. கொழுந்துக்காரர்கள் கூடையோடு நிரைக்குள் நுழைந்தால் இதேபோலத்தான் செடியைத் தள்ளுவார்கள், செடி கேபிளை இழுக்கும். ஆள் இறங்கும் நாளில் படம் போவதும் பின்னேரம் வேலை முடிந்து ஆள் ஏறியதும் வருவதும் அதனால்தான். வாரத்துக்கு ஒரு முறை போல வரும் முறை அது, அம்மாயி அதைக் கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு முறை இழுத்ததில் முழுதாகவே விட்டுப்போனது, 40 கிலோ ஓம் வாக்கில் தத்தளித்தது. அறுந்தது ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்றால் அரைகுறைத் தொடுப்பை மீட்டரால் இடம் சொல்ல முடியாது, அறுந்ததைச் சொல்ல முடியும். கேபிள் என்பதே நீளமான ஒரு கொள்ளளவி. நுரை நிரப்பிய ஆர்ஜி 6இல் மீட்டருக்கு ஏறக்குறைய 53 பிக்கோ பரட் (கொள்ளளவத்தின் அலகு, ஆயிரம் பிக்கோ ஒரு நனோ). கொள்ளளவம் அளக்கும் மீட்டர் இருந்தால், அறுந்த இடம் வரைக்குமுள்ள நீளத்தை அதிலிருந்தே எடுக்கலாம். தூர முனை திறந்தே இருக்க வேண்டும், இரு பக்கமும் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது, மீட்டர் முனைகள் சும்மா இருக்கும்போது காட்டும் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். உங்கள் கேபிளின் கணக்கு தெரியாவிட்டால் அதே சுருளில் பத்து மீட்டரை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அளந்தேன். வீட்டு முனையிலும் 3.6 நனோ பரட், மேட்டு முனையிலும் கிட்டத்தட்ட அதே 3.6. இரண்டும் முழு 68 மீட்டரையே சொல்கின்றன! அறுந்த கேபிள் அறாததுபோலக் காட்டுகிறது. கொஞ்ச நேரம் குழம்பித்தான் போனேன். காரணம் அந்த 40 கிலோ ஓம்தான்: அறுந்த இடம் ஈரமாக இருக்கிறது, டீசி ஓட்டத்துக்கு அந்த ஈரம் போதாது, ஆனால் கொள்ளளவ மீட்டர் ஆறுதலாகச் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்ப்பதால் ஈரத்தின் வழியாக அடுத்த பக்கத்தையும் நிரப்பிவிடுகிறது. முதலில் ஓமில் பார்த்து அறுந்த கேபிள் முழுதாக ஓஎல் (மீட்டரின் அளவைத் தாண்டிய தடை, அதாவது தொடுப்பே இல்லை) காட்டினால் மட்டுமே இந்த முறையை நம்புங்கள். காலையில் மூடுபனி, தேயிலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓகஸ்ட் மாதம், மழை சற்று ஓய்ந்த நாள் என்பதால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வெயில் வந்தது, கேபிளைத் தூக்கிச் செடிகளுக்கு மேலே போட்டுவிட்டு அக்கா தந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

இரண்டரை மணிக்கு ஓஎல். இப்போது வீட்டு முனையில் 2.39, மேட்டு முனையில் 1.38. 53ஆல் வகுத்தால் வீட்டிலிருந்து 45 மீட்டர், மேட்டிலிருந்து 26 மீட்டர். கூட்டினால் 71, தோலில் உள்ள எண்ணோ 68. மூன்று மீட்டர் அதிகம். ஒரு முனையில் மட்டும் அளந்திருந்தால் இந்தப் பிழை தெரிந்தே இருக்காது. எந்தப் பக்கம் பொய் சொல்கிறது? தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் போயிருக்கும், எனவே அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள வீட்டுப் பக்கம் உள்ளுக்குள் நனைந்திருக்கும், மேட்டுப் பக்கம் காய்ந்திருக்கும். தண்ணீர் நுழைந்த கேபிளில் கொள்ளளவம் கூடும், அதனால் நீளமும் கூடியதாகத் தெரியும். மேட்டு முனையை நம்பினேன். 26 மீட்டர். தோலில் உள்ள எண்ணைப் பார்த்தபடியே இறங்கினோம், கையை வைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி அது இருந்தது.

கத்தி வெட்டு. சாய்வாக, ஒரு அங்குலமும் இல்லை. தோலையும் பின்னலையும் கீறி வெள்ளை நுரை வரைக்கும் இறங்கியிருந்தது, நடுக்கம்பியைத் தொடவில்லை. பின்னல் இருந்த இடத்தில் வெள்ளைத் தூள்தான் மிச்சம், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அக்காவிடம் காட்டியபோது யோசித்துவிட்டுச் சொன்னார், "அந்த மலையக் கவ்வாத்து வெட்டின வருஷந்தான் முதல்ல படம் கெட்டுச்சு." கவ்வாத்துக் கத்தி கேபிளை உரசியிருக்கிறது, வெட்டியவருக்குத் தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை, கேபிளைத் தரையோடு செடிக்குள் விட்டது அவர் பிழையுமில்லை.

வெட்டின இடத்தை மட்டும் ஒட்டிவிடலாமா என்று மகன் கேட்டான். கீழே ஐந்து மீட்டர் தள்ளித் தோலைப் பிளந்து காட்டினேன், அங்கேயும் பின்னல் சாம்பல் நிறத்தில் ஈரமாக. பின்னல் திரிபோலத் தண்ணீரை இழுக்கும், ஒட்டினாலும் அந்த ஈரம் உள்ளே இருந்துகொண்டே அரிக்கும். எனவே மேட்டுப் பக்கத்து 26 மீட்டரை வைத்துக்கொண்டு, கீழ்ப்பக்கம் 42 மீட்டரை முழுதாக எடுத்துவிட்டுச் செம்பு நடுவுள்ள புதிய கேபிள் போட்டோம். இணைப்புக்கு முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் அழுத்திப் பூட்டும் எஃப் கனெக்டர், நடுவில் ஜொயினர், அதன் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றியது. கீழிருந்து சுற்றினால் கூரை ஓடு போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும். கனெக்டர் போடும்போது பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதுக் கேபிளில் ஷோர்ட் வருவது பெரும்பாலும் அங்கேதான். எல்.என்.பியின் வாயும் நம் ஊர்ச் சாய்வில் கீழே பார்க்காமல் கிடையாக நிற்கிறது, அதற்கும் அதே டேப். கேபிளைச் செடிக்குள் விடாமல் தண்ணீர்க் கானின் ஓரமாகக் கம்பு நட்டுத் தலைக்கு மேலே கொண்டுபோனோம். இந்த வேலைதான் நாளிலேயே அதிக நேரம் எடுத்தது.

அறுந்ததற்குப் பதில் ஷோர்ட்டாக இருந்திருந்தால் கொள்ளளவம் உதவாது, இரண்டு முனையிலும் ஓமை அளந்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும். ஷோர்ட்டான இடத்தின் தொடுதடை இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிக்கும்போது போய்விடும். பழைய கேபிளில் மீட்டருக்கு 0.13 ஓம், இரு முனைக்கும் 2.6 ஓம் வித்தியாசம் என்றால் 20 மீட்டர் வித்தியாசம், 68இல் அது 44உம் 24உம். முன்பு சொன்ன 0.3 ஓமை ஒரு முனையில் கழித்து மறு முனையில் கழிக்க மறந்தால் இங்கே ஒரு மீட்டருக்கு மேல் தவறிப்போகும். நசுங்கிய, மடிந்த கேபிளை மட்டும் மல்டிமீட்டர் கண்டுபிடிக்காது. அதற்கு வேறு கருவி வேண்டும், அல்லது கண்ணால் பார்த்து மாற்ற வேண்டும்.

முடித்ததும் மறுபடி அளந்தோம். போய் வரும் தடை 5.5 ஓம், நிலையாக. சுமையோடு எல்.என்.பியில் 17.6 வோல்ட். திறந்த முனையில் ஓஎல், மில்லி வோல்ட் பூச்சியம். இந்த நாலு எண்ணையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பொக்ஸின் அடியில் ஒட்டிவிட்டு வந்தேன், அடுத்து யார் வந்தாலும் எதோடு ஒப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

ஆறு நாள் கழித்து மகன் போன் எடுத்தான். "அண்ணே, இன்னைக்கு மலைக்கு ஆள் எறங்கியிருக்கு. அம்மாயி காலையிலருந்து டீவி முன்னுக்கே இருக்காங்க, படம் போகல."